ஓடைக்கும் ஓர் எல்லை உண்டு

இரவுப் பயணத்தில் இளைப்பாற இறங்குவோர் பாதையின் மீது தங்கலாகாது, சற்று விலகியே தங்க வேண்டும் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணத்தைக் கவனியுங்கள்: இரவு வேளையில் அப்பாதை விலங்குகளும் ஊர்வனவும் நடமாடும் இடமாகும். ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றுள்ள இந்நபிமொழியைப் பயண ஒழுக்கங்களுள் ஒன்றாகப் படித்துவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். மனிதன் தன் காலால் போட்ட பாதையிலேயே இரவு வந்தால் வாயில்லா ஜீவன்களுக்குப் பங்கு உண்டாகிவிடுகிறது! ஓரிரவுக் கூடாரமே விலகி நிற்க வேண்டுமென்றால், தலைமுறை தலைமுறையாக நிற்கப்போகும் கல்வீட்டை அவற்றின் வழியில் எழுப்புவதற்கு என்ன பெயரிடுவது?

மதீனாவைச் சுற்றிப் பன்னிரண்டு மைல் பரப்பைப் பெருமானார் காப்பு நிலமாக்கினார்கள். அங்கே வேட்டைக்குத் தடை. மரம் வெட்டவும் தடை. அங்கு மேயும் மான்களை வெருட்டவும் மனமில்லாதவர்களாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் இருந்தார்கள்.

நீருக்கும் இவ்வாறே எல்லை வகுக்கப்பட்டது. கிணறு வெட்டியவருடைய கால்நடைகள் நீரருந்தி இளைப்பாறுவதற்காக, அதைச் சுற்றி நாற்பது முழ நிலம் உண்டு என்பது ஹதீஸ். நீர்நிலையை ஒட்டி இங்ஙனம் விடப்படும் நிலத்துக்கு 'ஹரீம்' என்று பெயர். தடுத்து வைக்கப்பட்டது என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். ஃபிக்ஹு வல்லுநர்கள் இதனைக் கிணற்றோடு நிறுத்தாமல் ஊற்று, வாய்க்கால், ஆறு என விரித்தார்கள். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' எனும் சட்ட நூல், பேராற்றின் ஹரீம் ஒவ்வொரு கரையிலும் ஆற்றின் அகலத்தில் பாதி என வரையறுக்கிறது. நூறு முழ அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலுமாக இன்னொரு நூறு முழம் சொந்தம் என்பது இதன் பொருள். நம் கிராமக் கணக்கில் 'ஓடைப் புறம்போக்கு' என எழுதி வைத்ததும் இதற்கு உறவான எண்ணமே. அச்சொல்லை நாம் வசைமொழியாக்கிவிட்டோம் என்பது வேறு கதை.

இந்த எல்லையை மறந்தால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. நம்மவர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற ஜித்தா நகரையே பாருங்கள். கிழக்கே மலை, மேற்கே செங்கடல். மலையில் பெய்யும் மழை 'வாதி' எனப்படும் ஓடைகளின் வழியாகவே கடலை அடைய வேண்டும். அரபு நாட்டு வாதி ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணல்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அது தரிசு. மனை வணிகர் கண்ணுக்கோ தங்கம். நகரம் கிழக்கு நோக்கி வளர்ந்தபோது வாதிகளின் வழியிலேயே மனைகள் பிரிக்கப்பட்டன, வீடுகளும் எழுந்தன.

2009 நவம்பர் 25, ஹாஜிகள் மினாவுக்குப் புறப்படும் துல்ஹஜ் பிறை எட்டாம் நாள். அன்று நான்கு மணி நேரத்தில் சுமார் 90 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அது அந்நகரின் ஓராண்டுச் சராசரியைக் காட்டிலும் அதிகம். வாதி கவ்ஸ் தன் பழைய வழியே இறங்கி வந்தது. அவ்வழியில் குவைஸா குடியிருப்பு இருந்தது. நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மன்னர் அப்துல்லாஹ் விசாரணைக்கு ஆணையிட்டார். பின்னர் அதிகாரிகள் பலர் லஞ்சக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2011 ஜனவரியில் வெள்ளம் மறுபடியும் வந்தது. ஓடையை விற்றவர் ஒருவர். வெள்ளத்தில் நின்றவர் மற்றொருவர். மனை வாங்கப் புறப்படும் அன்பர்களே, பட்டாவையும் பத்திரத்தையும் பார்ப்பதோடு, மழை நாளில் அவ்விடத்து நீர் எவ்வழி போகும் என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டும் பாருங்கள்.

காப்பு நிலத்தை எவரிடமிருந்து காக்க வேண்டும் என்பதைக் கலீபா உமர் (ரலி) அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். 'ஹிமா' எனும் மேய்ச்சல் காப்பு நிலத்துக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக அமர்த்தியபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான இப்னு அவ்ஃபு, இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடலாகாது என்றும் கட்டளையிட்டார்கள். இருவரும் நபித்தோழர்களுள் தலைசிறந்தவர்கள்! ஆயினும் அவர்கள் மந்தை மடிந்தால் பேரீச்சந் தோட்டமும் வயலும் அவர்களுக்கு எஞ்சும். எளியவன் மந்தை மடிந்தாலோ அவன் பிள்ளைகளோடு தம்மிடம் வந்து நிற்பான் என்பது கலீபாவின் விளக்கம்.

கெட்டதைத் திருத்தவும் வழியுண்டு. ரியாத் நகரையொட்டி 120 கிலோ மீட்டர் நீளும் வாதி ஹனீஃபா, குப்பையும் கழிவுநீரும் கொட்டும் இடமாகிக் கிடந்தது. 2001 முதல் அதைத் துப்புரவாக்கி, வெள்ளம் செல்லும் வழியை மீட்டு, கரைகளில் பேரீச்சையும் வேல மரங்களும் நட்டனர். 2010-இல் அப்பணி ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. பறவைகள் திரும்பி வந்தன. மாலை வேளைகளில் அதன் கரையில் குடும்பங்கள் பாய் விரித்து அமர்கின்றன.