மகாபலிபுரத்துக்கு வண்டி பேசும் முன்

2023 செப்டம்பர் 11 அதிகாலை. ஆம்பூரை அடுத்த ஓணாங்குட்டையிலிருந்து கர்நாடகத்துக்குச் சுற்றுலா போனவர்கள் வேனில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாட்றம்பள்ளி அருகே நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றது. பெண்கள் இறங்கி வேனுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த லாரி வேன் மீது மோதியது. ஏழு பெண்கள் இறந்தார்கள். ஊர் கிட்டத்தட்ட எட்டிவிட்ட தூரம்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் ஒன்றாக வேலை செய்பவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கக் கிளம்பினால், மகாபலிபுரம்தான் முதலில் வாயில் வரும். ஆம்பூரிலிருந்து வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போக மட்டும் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். விடியும் முன் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பும்போது, பெரும்பாலும் ஒரே டிரைவர்தான் ஓட்டுகிறார். வாரம் முழுக்க கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வண்டியென்றால், சனிக்கிழமை இரவு அவர் எப்போது படுத்தார் என்று கேட்டுவிடுங்கள். வாடகையில் ஐந்நூறு குறைப்பதற்குப் பேசும் பேச்சை இதற்கும் பேசலாம். இரண்டாவது டிரைவருக்கான பணத்தை இருபது பேர் பங்கிட்டால் ஆளுக்கு அதிகம் வராது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியின் நம்பர் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது டி போர்டு, வாடகைக்கு ஓட உரிமம் பெற்றது. தெரிந்தவர் வண்டி, மலிவு என்று ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோக வேனில் காசு கொடுத்துப் போனால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எழுப்பும் கேள்வியே அதுதான். குட்டியானையில் தார்ப்பாய் விரித்துப் போவது அதைவிட மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்த பயணிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி விலகிக்கொண்டால் மிஞ்சுவது வண்டி உரிமையாளர்தான். ஒரே வண்டியை லோன் போட்டு ஓட்டுகிறவரிடம் லட்சக்கணக்கில் எதை வசூலிப்பது? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். எத்தனை சீட்டுக்கு அனுமதியோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். மடியில் குழந்தை என்ற கணக்கு வேண்டாம்.

வழியில் வண்டி நின்றால் எல்லோரும் இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ சென்டர் மீடியனிலோ உட்காரக் கூடாது. எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு 1033-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை ரோந்து வண்டியும் கிரேனும் கேட்க அந்த எண்தான். டோல்கேட்டில் நாம் கட்டும் பணத்துக்கு இதுவும் சேர்த்திதான்.

இனி கடல். கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் பழகியவர்களுக்குத்தான் இங்கே துணிச்சல் அதிகம். ஆனால் கரையில் வந்து குவிந்த தண்ணீர் ஏதோ ஓர் இடைவெளி வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் பட்டை பல நேரம் அந்த இடைவெளிதான். குழந்தையோடு இறங்க நல்ல இடம் என்று அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் காப்பாற்றப் பாய்ந்தால் இரண்டு உயிர் போகும். கயிறோ காலி கேனோ வீசுங்கள். நனைந்த சேலை காலைக் கட்டும். குடித்தவரைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள்.

சாலை விபத்து நடந்துவிட்டால், 2021-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. யார்மேல் தவறு என்று நிரூபிக்காமலே, மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 161-ஆம் பிரிவில் முறையே 2 லட்சமும் 50,000 ரூபாயும் உண்டு. அதற்குத் தாசில்தார் அல்லது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும்.

லீவு நாளில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. கிடையாது என்று கம்பெனி லைனில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. வேலையில் பட்ட காயமாக அது கணக்கில் வராது, அவ்வளவுதான். தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால் சிகிச்சையும், மருத்துவச் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும்.

விபத்து செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். காயம் ஆறட்டும் என்று காத்திருப்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். மருத்துவமனைக்கே வந்து கையெழுத்து கேட்டு, தொகையில் பங்கு பேசும் இடைத்தரகரை அனுப்பிவிடுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100.