கைப்பிடியில் காலம்

ஓடிய காலம் திரும்பாது என்பர் பெரியோர். அதனைத் திருப்பிக் காட்டும் விளையாட்டு ஒன்றை நாங்கள் ஆடினோம்.

அமெரிக்காவின் பேனிக் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ‘பிளேடேட்’ என்னும் கையடக்கக் கருவியின் பக்கத்தில் சிறு கைப்பிடி உண்டு. அதற்கென ஜப்பானியரான கெய்டா தகஹாஷி அமைத்த விளையாட்டில், கிராங்கின் என்னும் இயந்திர மனிதன் தோழியைக் காணத் தாமதமாகவே புறப்படுகிறான். கைப்பிடியை முன்னே சுழற்றினால் நடப்பான். பின்னே சுழற்றினால் வந்த வழியே திரும்புவான். எதிரே வரும் வண்ணத்துப்பூச்சியோ நம் சுழற்சிக்குக் கட்டுப்படாது! அவன் பூவை முகரக் குனியும் நொடியில் கையை நிறுத்தினால், அது தலைக்கு மேல் பறந்துவிடும். அவசரப்பட்டால் மோதல்தான்.

எத்தனை முறை தோற்றோம்! நம் கையில் இருப்பது நம் நடை மட்டுமே. நிற்க வேண்டிய நொடியை அறிவதும் காலத்தைப் போற்றுவதே என உணர்ந்தோம்.