கன்றுக்கு ஒரு நிறம், காளைக்கு ஒரு நிறம்

காங்கேயம் காளை என்றதும் சாம்பல் உடம்பும் கருத்த திமிலும்தானே கண்முன் வருகிறது? அதன் கன்று என்ன நிறத்தில் பிறக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

செம்பழுப்பு! ஆறு மாதம் ஆகும்போது அந்த நிறம் மாறி, சாம்பல் ஏறிவிடும்.

இந்த இனம் பேர் வாங்கியதில் திருப்பூர் மாவட்டம் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தலைமுறை தலைமுறையாக நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து, இனம் கலக்காமல் பெருக்கியவர்கள் அவர்கள். மேய்ச்சலுக்குக் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம்.

கமலை பூட்டிக் கிணற்று நீர் இறைக்கவும் பாரவண்டி இழுக்கவும் இந்த மாடுகளைத்தான் தேடினார்கள். பிறகு மோட்டார் பம்புசெட் வந்தது, டிராக்டர் வந்தது. மாட்டுக்கு வேலை குறைந்தது. பாலுக்கோ, கூடுதலாகக் கறக்கும் கலப்பினப் பசு கொட்டிலுக்குள் வந்துவிட்டது. பட்டிகள் சுருங்கின.

ஆனாலும் வளர்ப்பவர்கள் விட்டுவிடவில்லை. பழையகோட்டை மாட்டுத்தாவணியில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். காளையும் பசுவும் கன்றுமாகக் காங்கேயம் மாடுகளுக்கு அங்கே விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.