துருவின் பிடியில் ஒரு சென்சார்

ஸ்பார்க் பிளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே உருவத்தில் இன்னொரு பொருள் பெட்ரோல் காரின் புகைக் குழாயில் திருகப்பட்டிருக்கிறது. அதுதான் ஆக்சிஜன் சென்சார். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று 'முகர்ந்து' சொல்வது அதன் வேலை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த இக்கருவியை, 1976-இல் சுவீடனின் வோல்வோ நிறுவனம் முதன்முதலாகத் தன் கார்களில் பொருத்தியது.

1 கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சென்சாரின் நுனியில் சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளும், அதன்மேல் மெல்லிய பிளாட்டினப் பூச்சும் உள்ளன. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடானதும், பெட்ரோல் மிகுந்தால் அதில் 0.9 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் பிறக்கும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்தான். இதைக் கொண்டு காரின் மின்னணுக் கருவி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சென்சார் கெட்டுவிட்டால் பெட்ரோல் வீணாகும். புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிக் கலமும் நாளடைவில் பாழாகும்.

'கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் போயிற்று' என்பீர்கள். அங்கேதான் சங்கடம்! சுவீடனில் குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அதில் பல ஆண்டுகள் ஓடிய பழைய வோல்வோ 240 காரை எண்ணிப் பாருங்கள். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. மரைகளுக்கு நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அங்கே துரு ஆப்பு அடித்தாற்போல இறுகிவிடுகிறது. ஸ்பானரின் பிடியில் நீளக் குழாயைச் செருகி முரட்டுத்தனமாக அழுத்தினால் மரை பிய்ந்துவிடும். பிறகு சிறு சென்சாருக்குப் பதில் குழாயையே மாற்ற நேரலாம்.

அனுபவமுள்ள மெக்கானிக் அவசரப்படமாட்டார். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருப்பார். நுண்புழைக் கவர்ச்சியால் எண்ணெய் மரைக்குள் ஊர்ந்து செல்லும். பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான். எனவே அதன் கம்பியை வெட்டிவிட்டு, ஆறு முனைகளையும் பற்றும் 22 மி.மீ. ரிங் ஸ்பானரை மாட்டுவார்.

அப்படியும் அசையவில்லையா? இப்போது ஒரு கேள்வி. சென்சாரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தைச் சூடாக்கினால் நடுவிலுள்ள துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? இரும்பு உட்புறமும் விரிந்து துளையை அடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வளையத்தை வெட்டி நிமிர்த்திக் கம்பியாக்கியதாகக் கொள்ளுங்கள். சூட்டில் கம்பி நீளும். மீண்டும் வளைத்தால்? பெரிய வட்டம்தானே! 18 மி.மீ. துளை 400 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மி.மீ. விரிகிறது. துருவின் பிடி தளர அவ்வளவு போதும். ஆனால் சூடு வளையத்துக்கு மட்டும் விரைவாக ஏற வேண்டும். சென்சாரும் சேர்ந்து சூடேறினால் அதுவும் விரியும், பயனில்லை. எண்ணெய் ஈரத்தின் மேலோ பெட்ரோல் குழாய்க்கு அருகிலோ தீச்சுடரைக் கொண்டுபோகவே கூடாது. இது பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

சற்று அசைந்ததும் ஒரேயடியாகத் திருகாமல், இடப்புறம் கொஞ்சம், வலப்புறம் கொஞ்சம் என்று முன்னும் பின்னும் திருப்புவார். துரு பொடியாகி உதிரும்.

புதிய சென்சாரின் மரையில் நிக்கல் கலந்த பசையைத் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. பசை நுனியில் மட்டும் படக்கூடாது. பட்டால் பிளாட்டினம் மாசுபட்டுப் புதிய சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும்.