பழைய செல்போனை எப்போது மாற்றுவது?

விருதுநகர் மாவட்டத்தில் மானாவாரி விவசாயமே மிகுதி. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கரிசல் நிலத்தில் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, மிளகாய் விதைக்கும் விவசாயிக்கு மழை அறிவிப்பு, சந்தை விலை, மான்யம், காப்பீடு ஆகிய எல்லாச் செய்திகளும் இன்று செல்போன் வழியாகவே வந்து சேருகின்றன. ஏர், மாடு, மோட்டார் ஆகியவற்றைப் போல அதுவும் ஒரு விவசாயக் கருவியாகிவிட்டது. கிழட்டு மாட்டை எப்போது விற்பது, மோட்டாருக்கு எப்போது காயில் கட்டுவது என்று நன்றாகக் கணக்குப் பார்க்கும் நம் விவசாயிகள், செல்போன் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதனால் வரும் நட்டம் சிறிதன்று.

இருவர் அனுபவம்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு கிராமத்தில், மக்காச்சோளத்தில் படைப்புழுக் கட்டுப்பாடு பற்றிய பயிற்சி முடிந்து வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு விவசாயி புதிய செல்போனை எடுத்துக் காட்டினார். பழையதில் சார்ஜ் நிற்கவில்லை என்று 14,000 ரூபாய்க்கு மாதத் தவணையில் வாங்கியிருந்தார். மேலுரத்துக்கு வைத்திருந்த பணம் முன்பணமாகப் போய்விட்டது. பழைய போனை அவருடைய மகன் கடையில் கொடுத்து 900 ரூபாய்க்கு பேட்டரி மாற்றினார். இப்போது அது குறையில்லாமல் ஓடுகிறது!

அருகில் இருந்த ஓர் அம்மாவின் கதை இதற்கு நேர்மாறானது. மூன்று ஏக்கர் மக்காச்சோளத்தில் மழைநீர் தேங்கிப் பயிர் அழுகியது. காப்பீடு செய்திருந்தார். இத்தகைய பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அவரிடம் இருந்ததோ மகள் பயன்படுத்திக் கழித்த பழைய போன். இரண்டு நிமிடம் பேசினால் அணைந்துவிடும். மகளிடம் நல்ல போன் உண்டு. ஆனால் மகள் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். ஆலைக்குள் செல்போனுக்கு இடமில்லை; வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாலையில் மகள் வீடு திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போய் ஐந்து நாள் ஆகிவிட்டது. "போன்தானே, கூப்பிட்டால் எடுத்தால் போதும்னு இருந்துட்டேன் ஐயா" என்றார் அவர்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் இதைப் பல வீடுகளில் காண்கிறோம். புதிய போன் இளையவர்களுக்கு. அவர்கள் கழித்த பழைய போன் காட்டுக்குப் போகும் பெரியவர்களுக்கு. மழையிலும் வெயிலிலும், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தனியாக நிற்கிறவர் கையில் இருப்பதோ நம்ப முடியாத போன். இந்த வழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வயதைப் பார்க்காதீர், வேலையைப் பாருங்கள்

போன் வாங்கி எத்தனை ஆண்டாயிற்று என்பது முக்கியமன்று. உங்களுக்குத் தேவையான வேலையை அது செய்கிறதா என்பதே கேள்வி. போனில் நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பேசுவது, வங்கி மற்றும் ஆதார் கடவு எண்களைப் பெறுவது, 2018-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியைப் பார்ப்பது, நோய் தாக்கிய இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, பணம் செலுத்துவது, மோட்டாரை இயக்குவது என்று எழுதிக்கொண்டு, எது எது நடக்கவில்லை என்று குறியுங்கள். பின்னர் அது பழுதா, முதுமையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழுதானால் சரி செய்யலாம். முதுமையானால் மாற்றியே ஆக வேண்டும்.

சரி செய்யக்கூடிய பழுதுகள்

1. பேட்டரி: செல்போனில் உள்ள லித்தியம் பேட்டரி பொதுவாக 500 முறை முழுமையாக ஏறி இறங்கிய பின் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அதாவது நாள்தோறும் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பேட்டரி தளரத் தொடங்கும். கோடை வெயிலில் வரப்பிலும் டிராக்டர் மீதும் வைத்தால் இன்னும் விரைவில் கெடும். போன் நன்றாக இருந்து பேட்டரி மட்டும் தளர்ந்திருந்தால் பேட்டரியை மாற்றுவதே போதும்.

2. சார்ஜ் ஏறாமை: பருத்திப் பஞ்சும் கரிசல் தூசியும் சார்ஜர் செருகும் துளையில் அடைத்துக்கொள்ளும். போனை அணைத்துவிட்டு, உலர்ந்த பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். ஊசி, கம்பி போன்றவற்றை நுழைக்கக் கூடாது. வேறொரு நல்ல சார்ஜரையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

3. வேகம் குறைதல்: வாட்ஸ்அப்பில் வந்து குவியும் படங்களும் வீடியோக்களும் இடத்தை அடைத்துவிட்டால் போன் திணறும். தேவையற்றவற்றை நீக்கி ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது காலியாக வைத்துக்கொண்டால் பல போன்கள் மீண்டும் ஒழுங்காக ஓடும்.

மாற்றியே ஆக வேண்டிய நிலைகள்

1. அலைவரிசை: ஏர்டெல் நிறுவனம் 2020-ஆம் ஆண்டிலேயே 3ஜி சேவையை நிறுத்திவிட்டது. 4ஜி இல்லாத பழைய போனில் அந்த சிம் இருந்தால் பேச முடியும், செயலிகள் ஓடா. ஜியோ சிம் 4ஜி இல்லாத போனில் வேலையே செய்யாது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் காட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற போனை வைத்துக்கொள்ள வேண்டும்.

2. மென்பொருள்: 2023 அக்டோபரில் இருந்து ஆண்ட்ராய்டு 5-க்கும் முந்தைய போன்களில் வாட்ஸ்அப் இயங்குவதில்லை. மற்றச் செயலிகளும் இவ்வாறே ஒவ்வொன்றாக நின்றுபோகும். கடைக்காரர் இதைச் சரி செய்ய இயலாது.

3. பாதுகாப்பு: போனின் 'அமைப்புகள்' பகுதியில் கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த தேதியைக் காணலாம். அது நின்று இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால் அந்தப் போனில் வங்கிக் கணக்கைக் கையாளுவது விரும்பத்தக்கதன்று. பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உப்பிய பேட்டரி ஆபத்தானது

போனைச் சமமான தரையில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள். முன்பு ஆடாத போன் இப்போது ஆடினாலும், பின்மூடி தூக்கிக்கொண்டாலும் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, போனை அணைத்து, கடையில் கொடுத்துப் பேட்டரியை அகற்ற வேண்டும். குத்துவதோ அழுத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும். பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டும் வீடுகளில் காகிதமும் அட்டையும் குவிந்திருக்கும். அவற்றின் அருகிலோ தலையணைக்கு அடியிலோ எந்தப் போனையும் சார்ஜ் போடக் கூடாது.

ஓராண்டுச் செலவைக் கணக்கிடுங்கள்

மாடு வாங்கும்போது போடும் கணக்குத்தான் இது. உதாரணமாக 9,000 ரூபாய் போன் மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 3,000 ரூபாய். பழைய போனுக்கு 900 ரூபாயில் பேட்டரி மாற்றி ஒன்றரை ஆண்டு ஓட்டினால் ஆண்டுச் செலவு 600 ரூபாய்தான். இங்கே பழுதுபார்ப்பதே இலாபம். அதே போனில் திரையும் உடைந்து, பேட்டரியும் போய், 4,400 ரூபாய் செலவு செய்து ஓராண்டு மட்டுமே ஓடும் என்றால் புதியது வாங்குவதே மேல். தவணையில் வாங்குவோர் வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விதைப்புக் காலத்தில் விதைக்கும் உரத்துக்கும் உரிய பணத்தைத் தொடாமல், அறுவடைக்குப் பின் வாங்குவது நல்லது.

எல்லோருக்கும் தொடுதிரைப் போன் தேவையில்லை. பேசவும் கடவு எண் பெறவும் மட்டும் என்றால் பட்டன் போன் போதும். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அதிலிருந்தே பேசி ஐயம் தெளியலாம். பயிர்க் காப்பீட்டு உதவி எண்ணான 14447-க்கும் பேசலாம். பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் யு.பி.ஐ. 123பே வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கியது.

பழைய போன் வாங்குவோர் கவனத்துக்கு

நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, 06, மீண்டும் ஹாஷ் குறி ஆகியவற்றை அழுத்தினால் போனுக்குரிய 15 இலக்க எண் திரையில் தோன்றும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு இந்த 15 இலக்க எண் என்று தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் விவரம் வரும். திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டதை வாங்கி ஏமாறாமல் இருக்கலாம்.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

போனை மாற்றினாலும் எண்ணை மாற்றாதீர்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான், ஆதார், வங்கி, மோட்டார் ஸ்டார்ட்டர் அனைத்தும் அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளன. கெட்டுப்போன போனில் சிம்மை மறந்து விட்டுவிடக் கூடாது. 90 நாட்கள் பயன்படுத்தப்படாத எண் துண்டிக்கப்பட்டுப் பின்னர் வேறொருவருக்குப் போகக்கூடும்.

போன் ஓடும்போதே படங்களையும் எண்களையும் புதியதற்கு மாற்றிவிட வேண்டும். பழையது முழுவதும் நின்றுபோகும்வரை காத்திருந்து, இரண்டு பருவம் எடுத்த பூச்சித் தாக்குதல் படங்களை நானே இழந்திருக்கிறேன். முக்கியமான பத்து எண்களை வீட்டு நாட்குறிப்பில் மையால் எழுதி வையுங்கள். பழைய போனைக் கொடுக்கும் முன் அதில் உள்ள விவரங்களை முற்றிலும் அழித்துவிட வேண்டும்.

கழித்த போனையும் பேட்டரியையும் எருக்குழியில் போடாதீர்கள். குழியில் விழுந்தது எருவோடு கலந்து நிலத்துக்கே வந்துவிடும். மின்னணுக் கழிவு பெறும் இடத்திலோ விற்பனைக் கடையிலோ ஒப்படைப்பதே முறை.

ஆடிப் பட்டத்துக்கு முன் விதையும் கருவியும் சரிபார்ப்பது போல, ஐப்பசி மழைக்கு முன் செல்போனையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். வீட்டில் இருப்பதில் நம்பத்தக்க போன் எதுவோ அதைக் காட்டுக்குப் போகிறவர் கையில் கொடுங்கள். இவற்றைக் கடைப்பிடித்தால் வீண் செலவையும், தக்க சமயத்தில் தகவல் சேராமல் வரும் நட்டத்தையும் விவசாயிகள் தவிர்க்கலாம்.