சுழன்றும் பற்றாத இயந்திரம்

சாவியைத் திருப்பியும் கார் கிளம்பாதபோது பணிமனைகளில் முதலில் எழும் சொற்களுள் 'டைமிங்' ஒன்று. அது எதைக் குறிக்கிறது, கெட்டிருக்கிறது என்பதை எவ்வாறு உறுதிசெய்வது என்னும் இரண்டும் தெளிவாகாமலேயே பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்படுவதும், அந்தச் செலவைக் காரின் உரிமையாளர் சுமப்பதும் வருந்தத்தக்க வழக்கமாக நீடிக்கின்றன. முறையான பழுதறிதலில் ஒவ்வொரு சோதனையும் ஐயத்திற்குரிய பாகங்களின் பட்டியலைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். டைமிங்கில் கை வைப்பது அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதிக்குரியது.

பெட்ரோல் இயந்திரத்தில் டைமிங் என்பது இருவகைப்படும். உறிஞ்சல், அமுக்கம், எரிவு, வெளியேற்றம் ஆகிய நான்கு வீச்சுகளும் நிறைவேறுவதற்குக் கிராங்க் தண்டு இருமுறை, அதாவது 720 பாகை சுழல, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரே முறை சுழல்கிறது. பல் கொண்ட பெல்ட்டோ சங்கிலியோ இவ்விரண்டையும் பிணைத்துக் காக்கும் இந்த ஒழுங்கு வால்வு டைமிங் எனப்படும். பிளக்கில் தீப்பொறி எழும் கணம் இக்னிஷன் டைமிங் ஆகும். சிலிண்டருக்குள் இருக்கும் கலவை ஒரே நொடிப்பில் வெடிப்பதில்லை, பரவி எரிகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கிராங்க் 18 பாகை நகர்ந்துவிடுவதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி எழுந்தாக வேண்டும். உரிய கணத்திற்கு மிக முந்தினால் இயந்திரம் தட்டும் ஓசை எழுப்பும், கிளப்பும்போது எதிர்த்திசையில் உதைக்கவும் செய்யும். பிந்தினால் இழுவை குறைந்து வெப்பம் மிகும்.

கிளப்புவதற்கும் டைமிங்கிற்கும் உள்ள இந்த உறவைக் கைப்பிடி சுழற்றிக் கார் கிளப்பிய காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர். 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் தீப்பொறியை முன்னும் பின்னும் நகர்த்த ஸ்டியரிங்கின் இடப்புறம் ஒரு நெம்புகோல் இருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ளாமல் கைப்பிடியைச் சுழற்றியவரின் மணிக்கட்டு முறியும் ஆபத்து இருந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் இடம்பெற்ற பின்னரே அந்த அச்சம் விலகத் தொடங்கியது.

பழுதறிவோர் முதலில் பிரித்தறிய வேண்டியது, இயந்திரம் சுழலவே இல்லையா, சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையா என்பதுதான். 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று சொல்லப்படும் முதல் வகையில் டைமிங்கிற்குப் பெரும்பாலும் பங்கில்லை. நிறைந்த பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியை ஐயுறலாம். பேட்டரி நலமாக இருந்தும் சுழற்சி மந்தமாக இருந்தால், பேட்டரியின் எதிர்முனைக்கும் இயந்திரத்தின் உலோக உடலுக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போதே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியோ அதன் இணைப்போ அரிக்கப்பட்டிருக்கிறது. சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாததால் வீணாகக் கழற்றப்படும் ஸ்டார்ட்டர் மோட்டார்கள் ஏராளம்.

சுழன்றும் பற்றாத இயந்திரத்தில் பொறி, எரிபொருள், அமுக்கம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கழற்றிய பிளக் நனைந்து பெட்ரோல் வாசனை வீசினால் எரிபொருள் வந்திருக்கிறது, பொறிதான் வரவில்லை அல்லது வலுவிழந்திருக்கிறது என்று கொள்ளலாம். உலர்ந்திருந்தால் பம்ப்பின் பக்கம் திரும்ப வேண்டும்.

பொறியின் கதையைப் புரிந்துகொள்ள டிஸ்ட்ரிப்யூட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் அம்பாசிடரே சிறந்த பாடம். அதில் பாயின்ட்டுகள் எனப்படும் மின்தொடர்பு முனைகள் பிரியும் கணத்தில்தான் காயிலில் உயர் மின்னழுத்தம் பிறந்து 1-3-4-2 என்னும் வரிசையில் பிளக்குகளுக்குச் செல்கிறது. பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் சிறு ஃபைபர் கட்டை நாளடைவில் தேய்வதால் இடைவெளி குறுகுகிறது. குறுகிய பாயின்ட் தாமதமாகத் திறப்பதால் யாரும் தொடாமலேயே டைமிங் பின்தங்குகிறது. இதை உணராமல் டிஸ்ட்ரிப்யூட்டரின் உடலைத் திருப்பி டைமிங்கை மட்டும் சரிசெய்தால், வண்டி அன்றைக்கு ஓடினாலும் தேய்மானம் மறைந்தே தொடரும், இடைவெளி முற்றும் மூடும் நாளில் பொறியே வராது. ஆகவே இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டருக்கு அமைத்த பின்னரே டைமிங் விளக்கை எடுக்க வேண்டும். இதே இயந்திரத்தில் 1, 4 ஆகிய பிஸ்டன்கள் ஒன்றாகவே மேலேறுவதால், கப்பியிலுள்ள குறி எந்தச் சிலிண்டர் அமுக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. பிளக் துளையை விரலால் மூடி, கிராங்கைத் திருப்பும்போது விரலைத் தள்ளும் காற்றே அதைச் சொல்லும். அதைப் பாராமல் டிஸ்ட்ரிப்யூட்டரை எதிர்ப்பக்கம் திருப்பிப் பொருத்திவிட்டால் பொறி ஒரு முழுச் சுற்று தவறி எழுந்து, கார்பரேட்டர் வழியாகவே தீ சீறக்கூடும்.

இன்றைய கார்களில் இந்தப் பொறுப்பைக் கிராங்க் சென்சாரும் கணினியும் ஏற்றுள்ளன. சூடேறியதும் நின்று, ஆறியபின் எதுவும் நடவாததுபோல் கிளம்பும் காரில் அந்தச் சென்சாரை முதலில் ஐயுறுவது பொருத்தம்; செல்ஃப் சுழலும்போது சுற்று அளக்கும் முள் அசையாதிருப்பதும், ஸ்கேனரில் பி0335 என்னும் குறியீடு தோன்றுவதும் அந்த ஐயத்தை வலுப்படுத்தும். கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்னும் பி0016 குறியீட்டைக் கண்டதும் சங்கிலியைப் பிரிக்க முற்படுவது அவசரம். வால்வு டைமிங்கை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் அமைப்புள்ள இயந்திரங்களில் எண்ணெய் குறைவதும் கசடாவதும்கூட அதே குறியீட்டை எழுப்பும்.

வழக்கத்தைவிட வேகமாகவும் தங்குதடையின்றியும் செல்ஃப் சுழன்றால் மட்டும் உடனே கையை எடுத்துவிட வேண்டும். அமுக்கம் இல்லாததன் அடையாளம் அது, பெல்ட் அறுந்திருக்கலாம்; பல இயந்திரங்களில் கேம் நின்றபின் மேலேறும் பிஸ்டன் திறந்துகிடக்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பெல்ட் அறாமல் ஒரு பல் மட்டும் தாவினாலும், 20 பற்கள் கொண்ட கிராங்க் கப்பியில் அது 18 பாகைப் பிழையாகும். புதிய பெல்ட்டைப் பொருத்தியதும் செல்ஃப் அடிக்காமல், கிராங்கை ஸ்பேனரால் அது இயல்பாகச் சுழலும் திசையில் இரு முழுச்சுற்று திருப்பிக் குறிகள் மீண்டும் நேர்நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடையில் கைக்குத் திடமான தடை தட்டுப்பட்டால், வலுவைக் கூட்டாமல் அங்கேயே நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும்.