வைட்டமின் சி சீரம்: எவற்றுடன் சேர்த்துப் பூசலாம்?

முகத்தில் பூசும் வைட்டமின் சி, கரும்புள்ளிகளை மங்கச் செய்யவும் வெயிலின் பாதிப்பைக் குறைக்கவும் உதவுகிறது. இதன் தூய வடிவமான அஸ்கார்பிக் அமிலம், பிஎச் அளவு 3.5-க்குக் கீழ் இருந்தால்தான் தோலுக்குள் நன்கு ஊடுருவும். இவ்வமிலத்தன்மையுடன் எரிச்சலூட்டும் பிற பூச்சுகளும் சேர்ந்தால் தோல் அழற்சி ஏற்படலாம். மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அழற்சி ஆறிய இடம் கறுத்துவிடக்கூடும்; நீக்க விரும்பிய கருமையே மிகுந்துவிடும்.

சேர்த்துப் பூசத்தக்கவை

• வைட்டமின் ஈ, ஃபெருலிக் அமிலம்: வைட்டமின் சி சிதையாமல் காத்து, அதன் பயனை மிகுவிக்கின்றன.
• நியாசினமைடு: பெரும்பாலோருக்கு ஏற்றது.
• சன்ஸ்கிரீன்: காலையில் வைட்டமின் சி பூசியபின், எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதைப் பூச வேண்டும். வைட்டமின் சி இதற்கு மாற்றன்று.

வேறு வேளையில் பூச வேண்டியவை

• ரெட்டினால், ட்ரெட்டினாயின்: இரவில் மட்டும். கர்ப்பிணிகளும் கருவுறத் திட்டமிடுவோரும் தவிர்க்க வேண்டும்.
• கிளைகோலிக், சாலிசிலிக் அமிலங்கள்: இரவில், ரெட்டினால் பூசாத நாள்களில் மட்டும்.
• பென்சாயில் பெராக்சைடு: வைட்டமின் சி-யை ஆக்சிஜனேற்றம் செய்து பயனிழக்கச் செய்யும்.

மருத்துவர் பரிந்துரைத்த பரு மருந்தைச் சீரத்திற்காக நிறுத்தக் கூடாது. சீரம் பூசும் வேளையையே மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

• புதிய பூச்சுகளை ஒரே சமயத்தில் தொடங்காமல், சில வார இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்கவும்.
• பழுப்பு நிறமாக மாறிய சீரத்தைப் பயன்படுத்த வேண்டா.
• எரிச்சல், சிவத்தல், தோலுரிதல் நீடித்தால் பூச்சுகளை நிறுத்தித் தோல் மருத்துவரை அணுகவும்.